அவதிமே மலையின் ஒன்பது உயிர்கள்

கால்பந்து வீரர் தித்தியே ட்ரோக்பா கோல் அடித்தபோதெல்லாம் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அவர் பெயரை 'ட்ரோக்' என்று நிறுத்தி, 'பா' என்று முடித்தார்கள். தமிழில் எழுதும்போது நமக்கும் வேறு வழியில்லை. ஆனால் அந்தப் பெயரின் நடுவில் இருப்பவை இரண்டு மெய்யொலிகள் அல்ல; ஒன்றே ஒன்று. உதடுகளைப் 'ப'வுக்கு மூடுவதுபோல் மூடிக்கொள்ளுங்கள். அதே வேளையில் பின்நாக்கை 'க'வுக்கு எழுப்புவதுபோல் அண்ணத்தில் ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்து விடுங்கள். தண்ணீரில் குமிழி உடைவதுபோல் ஓர் ஒலி வந்தால் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். லைபீரியா தொடங்கி மத்திய ஆப்பிரிக்கா வரை நீளும் ஒரு பெரும் பட்டையில் இந்த ஒலி சர்வ சாதாரணம். அதற்கு வெளியே உலகில் மிக அரிது.

ஒலியியலாளர் இயன் மாடிசன், கானாவிலும் டோகோவிலும் வழங்கும் எவே மொழியைப் பேசும் ஒருவரின் நாக்கிலும் உதட்டிலும் சிறு சுருள்களை ஒட்டி, காந்தப்புலத்தின் துணையோடு அவற்றின் அசைவை அளந்திருக்கிறார். பின்நாக்கு ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவான நேரம் முந்திக்கொண்டு மூடுகிறது, முந்தியே திறக்கிறது. ஆகவே அயலார் காதில் தொடக்கம் 'க' போலவும் முடிவு 'ப' போலவும் விழுகிறது. நடுவே இரண்டும் மூடியிருக்கும் நேரத்தில் நாக்கு சற்றுப் பின்னோக்கி நகர்வதால் வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. குமிழி உடையும் ஒலி அதனால்தான். இரண்டாக நாம் கேட்பது அவர்கள் வாயில் ஒன்றாகவே பிறக்கிறது.

இப்படிக் கேட்பவர் காதில் நேரும் தவறு பேசுபவர் மொழியின் குறையாகப் பதிவான கதை, கானாவின் கிழக்கு எல்லை மலைகளில் நூறாண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது.

வோல்டா ஏரிக்குக் கிழக்கே, டோகோ நாட்டின் எல்லையை ஒட்டித் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. பெரிய மலைகள் அல்ல. கானாவின் மிக உயர்ந்த சிகரமான அஃபாஜாட்டோ இங்கேதான் இருக்கிறது, அதன் உயரமே சுமார் 885 மீட்டர்தான். ஆனால் இந்த மடிப்புகளுக்குள் 14 மொழிகள் இருக்கின்றன. நியாங்போ மக்களின் பேச்சையும் தாஃபி மக்களின் பேச்சையும் தனித்தனியாக எண்ணினால் 15. அவற்றுள் பலவற்றைப் பேசுபவர்கள் சில ஆயிரம் பேரே.  சுற்றிலும் சமவெளியில் லட்சக்கணக்கானோர் பேசும் எவே.

1884இல் ஜெர்மனி இப்பகுதியை டோகோலாந்து என்ற பெயரில் தன் காலனியாக்கிக்கொண்டது. மிஷனரிகளும் மொழி ஆய்வாளர்களும் மலையேறினார்கள். கீழே எவே பேச்சு ஒரே சீராகப் பரவிக் கிடக்க, மேலே ஊருக்கொரு மொழி. அவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டது. 1912இல் பெர்ன்ஹார்ட் ஸ்ட்ரக் என்பவர் இவற்றுக்கு 'டோகோ மிச்ச மொழிகள்' என்று பொருள்படும் ஜெர்மன் பெயரை வைத்தார். பெரிய வெள்ளம் அடித்துக்கொண்டு போனபின் கரையில் ஒதுங்கியவை என்ற எண்ணம். 1990கள் வரை அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. 'கானா–டோகோ மலைமொழிகள்' என்ற இன்றைய பெயர் அதன்பின் வந்ததுதான்.

இம்மொழிகளில் ஆய்வாளர்களின் கண்ணை முதலில் கவர்ந்தவை பெயர்ச்சொற்களின் முன்னொட்டுகள். அக்பாஃபு, லோலோபி ஊர்களின் மக்களை எடுத்துக்கொள்வோம். 'வு' என்பது அடிச்சொல். முன்னால் 'ம' சேர்ந்தால் 'மவு', அந்த மக்கள். 'க' சேர்ந்தால் 'கவு', அவர்கள் நிலம். 'சி' சேர்ந்தால் 'சிவு', அவர்கள் மொழி. எவே இந்த ஏற்பாட்டை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டது. ஆனால் கண்டத்தின் மறுகோடியில், கிழக்குக் கரையில், 'கிஸ்வாஹிலி' என்ற மொழிப்பெயரில் அதே போன்ற முன்னொட்டு நிற்கிறது. உறவு மிகத் தொலைவானது என்றாலும் உறவுதான். அப்படியானால் யாரிடம் மிச்சம், யாரிடம் முழுசு என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம்.

இனி அவதிமே. மலைமேலும் அதன் சரிவிலுமாக ஏழு ஊர்கள்: அமெட்ஸோஃபே, வானே, பியாக்பா போன்றவை. தலைமை அரசர் இருப்பது வானேயில். ஒவ்வோர் ஊருக்கும் தனி வழக்கு உண்டு. வேறுபாடு பெரிதல்ல, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

தமிழ் அரிச்சுவடியில் உயிர் 12. குறில்–நெடில் வேறுபாட்டையும், ஐ, ஔ இரண்டையும் ஒதுக்கிவிட்டால் அடிப்படை ஒலித்தன்மை ஐந்துதான்: அ, இ, உ, எ, ஒ. அவதிமேயில் அது ஒன்பது. 'அ' ஒன்று, மற்ற நான்கும் இரட்டை. இரண்டு 'இ', இரண்டு 'உ', இரண்டு 'எ', இரண்டு 'ஒ'. நீளத்தில் வேறுபாடு இல்லை. வாய் திறக்கும் அளவு மட்டும் காரணமும் அல்ல. பிறகு எங்கே இருக்கிறது வேறுபாடு?

தொண்டைக்குள் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரிவது முழு நாக்கு அல்ல. அதன் வேர்ப்பகுதி தொண்டைக்குள் செங்குத்தாக இறங்குகிறது. அந்த வேரை முன்னோக்கித் தள்ளினால் அதற்குப் பின்னால் உள்ள குழி அகலும். பெரும்பாலும் குரல்வளையும் சற்றுத் தாழும். உயிரொலி ஆழமாக, உள்ளீடற்ற பானைக்குள் பேசியதுபோல் ஒலிக்கும். வேரைத் தள்ளாமல் விட்டால் அதே உயிர் இறுகி, தெளிந்து கேட்கும். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் இப்படி இரண்டு வகை உயிர்கள் இருப்பதை அறிஞர்கள் வெகுகாலமாகக் கேட்டுத்தான் இருந்தார்கள். எப்படி உண்டாகின்றன என்பதுதான் தெரியவில்லை. பீட்டர் லேடிஃபோகட் 1964இல் வெளியிட்ட நூலில், நைஜீரியாவின் இக்போ மொழி பேசும் ஒருவரின் எக்ஸ்ரே படங்களிலிருந்து வரைந்த நாக்கின் வடிவங்கள் இருந்தன. இரு வகை உயிர்களுக்கும் நாக்கின் வேர் வெவ்வேறு இடத்தில் நிற்பது அவற்றில் தெரிந்தது. 1967இல் ஜான் ஸ்டூவர்ட், கானாவின் அக்கான் மொழியை வைத்து, நாவேரின் நிலைதான் இந்த ஒழுங்குக்கு அடிப்படை என்று எழுதினார். அதன்பின் காந்த அதிர்வுப் படங்கள் குரல்வளையின் பங்கையும் காட்டின.

ஒழுங்கு என்று சொன்னேன். ஒரு சொல்லில் உள்ள உயிர்கள் எல்லாம் ஒரே அணியில் நிற்க வேண்டும். வேர் தள்ளிய அணி, அல்லது தள்ளாத அணி. முடிவு செய்வது அடிச்சொல். முன்னொட்டு அதற்கேற்ப மாறிக்கொள்ளும். ஓர் அடிச்சொல்லின் முன் 'க' என்று வரும் முன்னொட்டு, இன்னொன்றின் முன் 'கெ' ஆகிவிடும். தெலுங்கு தெரிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல: அங்கே 'நாகு' என்பதில் 'கு'வாக இருக்கும் வேற்றுமை உருபு, முன்னால் 'இ' வந்தால் 'கி' ஆகிறது. அவதிமேயில் மாற்றம் சொல்லின் முன்புறத்தில் நடக்கிறது. மாறுவது உதடோ நாவின் நுனியோ அல்ல, தொண்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு தசைத்திரள்.

இந்த ஒன்பது உயிர்களும் ஏழாகச் சுருங்கிவிட்டன, ஒழுங்கும் அதோடு குலைந்து வருகிறது என்று ஒரு கருத்து நிலவியது. 1990களில் மாடிசன் அவதிமே பேசுவோரைப் பதிவுசெய்து உயிர்களை அளந்தார். ஒன்பதும் இருந்தன. சுருங்கவில்லை, குலையவில்லை.

பின் ஏன் ஏழாகக் கேட்டது? இரண்டாவது 'இ'யும் முதல் 'எ'யும் அலைவரிசையில் மிக நெருங்கியவை. வாய்த்திறப்பைக் காட்டும் முதல் ஒத்ததிர்வு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். வளர்ந்த சூழலில் இவ்வேறுபாடு இல்லாத காது, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடும். எவே எழுத்தில் உயிர்க்குறிகள் ஏழே ஏழு. ஜெர்மன் மிஷனரிகள் எவேயை எழுத்துமொழியாக்கி, பள்ளிக்கும் கோயிலுக்கும் அதையே வைத்தார்கள். எழுதக் குறியில்லாத இரண்டு ஒலிகள் காகிதத்திலிருந்து மறைந்தன. மலையில் அவை மறையவில்லை.

மாடிசன் அதே கட்டுரையில் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தார். இது எதிர்த்திசையில் நடந்த தவறு. இல்லாததை இருப்பதாகக் கேட்டது. ட்ரோக்பாவின் ஒலி போலவே, காற்று உரசி வரும் மெய்களிலும் அவதிமேயில் இரட்டை ஒலிப்பு உண்டு என்றும், பின்நாக்கிலும் உதட்டிலும் ஒரே நேரத்தில் உரசல் நடக்கிறது என்றும் சொல்லப்பட்டது. காற்றை முழுதாக அடைப்பதை இரண்டு இடத்தில் செய்யலாம். உரசல் அப்படியல்ல. காற்று ஒரு குறுகிய வழியில் வேகமாகப் பாய்ந்தால்தான் சீறும். இரண்டு குறுக்கங்களைத் தொடர்ச்சியாக வைத்தால், இரண்டிலும் ஒரே அளவுக்குச் சீற்றம் எழுப்புவது மிகக் கடினம். அவதிமேக்காரர்கள் செய்வது, பின்நாக்கில் உரசலும் கூடவே உதடு குவித்தலும். அருமையான ஒலிதான், அதிசயம் மட்டும் இல்லை. ஒரு மொழியை உயர்த்துவதற்காகப் பொய் அதிசயத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டியதில்லை என்பதால் இந்தப் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது.

சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை. இவை எல்லாமே சுருதி மொழிகள்; ஒரே அசையைத் தாழ்த்தியோ உயர்த்தியோ சொன்னால் பொருள் மாறும். லோக்பா என்ற மலைமொழியில் இரண்டு படிகள், அவதிமேயில் மூன்று. ஆப்பிரிக்காவில் இது வியப்புக்குரியதே அல்ல.

வியப்பு பக்கத்துச் சரிவில் இருக்கிறது. நியாங்போ மக்களின் மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் துத்ருக்பு. கானாவைச் சேர்ந்த மொழியியலாளர் ஜேம்ஸ் எசெக்பே பல ஆண்டுகள் அதை ஆராய்ந்து 2019இல் ஒரு நூல் வெளியிட்டார். இதிலும் நாவேர் ஒழுங்கு உண்டு. வினைச்சொல்லின் அடி கடைசியில் நிற்க, எழுவாய், காலம், எதிர்மறை முதலியவற்றைக் காட்டும் முன்னொட்டுகள் அதற்கு முன்னால் வரிசையாக வந்து நிற்கும். அடிச்சொல்லின் உயிர் வேர் தள்ளிய அணி என்றால், அந்தத் தன்மை பின்னாலிருந்து முன்னோக்கி ஒவ்வொரு முன்னொட்டாகப் பரவும். இதுவரை அவதிமே போலத்தான்.

வழியில் 'அ' போன்ற தாழ்ந்த உயிர் ஒன்று வந்தால்தான் சிக்கல். சில சொற்களில் அது பரவலுக்கு வழிவிட்டுத் தானும் மாறுகிறது. சில சொற்களில் பரவலை அங்கேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. ஒரே முன்னொட்டு, இரண்டு நடத்தை. எதைப் பொறுத்து? சொல்லின் முதல் உயிரைப் பொறுத்து. முதல் உயிர் 'இ', 'உ' போல நாக்கு உயர்ந்து ஒலிப்பதாக இருந்தால் நடுவிலுள்ள உயிர் தடுக்கும். முதல் உயிர் அப்படி இல்லை என்றால் வழிவிடும். இடையில் எத்தனை முன்னொட்டுகள் இருந்தாலும் இதே விதி.

அதாவது, நடுவில் நிற்கும் உயிர் தன் வடிவத்தை முடிவு செய்ய இரண்டு சேதிகள் வேண்டும்: சொல்லின் கடைசியில் என்ன, முதலில் என்ன. பேசுபவர் முதல் அசையை உதிர்க்கும்போதே கடைசி அசை தெரிந்திருக்க வேண்டும். நடு அசைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். மனித மொழிகளின் ஒலி விதிகளைக் கணக்கியல் கண்ணால் பார்ப்பவர்கள் ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். உயிர்–மெய் மாற்றங்கள் எளிய இயந்திரங்களால் செய்துவிடக்கூடியவை. ஒரு பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போனால் போதும். இரு முனைகளிலிருந்தும், எவ்வளவு தொலைவிலிருந்தும் சேதி கேட்கும் விதிகள் சுருதியில் மட்டும் உண்டு, உயிர்–மெய்களில் இல்லை. ஆகவே சுருதி தனிச் சாதி என்று 2016இல் ஆடம் ஜார்டைன் வாதிட்டார். 2020இல் ஆடம் மெக்கல்லமும் அவர் சகாக்களும் துத்ருக்புவை முன்னால் வைத்தார்கள். சில ஆயிரம் பேர் மலைச்சரிவில் பேசும் ஒரு மொழியின் வினைச்சொற்கள், மனித மனத்தின் ஒலிக்கணக்கு இவ்வளவுதான் என்று போட்ட கோட்டைத் தள்ளிப் போடச் சொன்னன. அங்கே அம்மொழியைப் பேசும் எவரும் யோசிக்காமல் செய்வது அது.

துத்ருக்புவின் அண்டை வீடு தாஃபி.   இரு மொழிகளும் மிக நெருங்கியவை. மொழியியலாளர்கள் பலர் ஒன்றின் இரு வழக்குகள் என்றார்கள். ஊர்க்காரர்களுக்கோ அவை தனித்தனி மொழிகள். இங்கே யார் தீர்ப்பு சொல்வது? என் சாய்வு ஊர்க்காரர் பக்கம். ஆனால் வடக்கே அக்பாஃபுவும் லோலோபியும் தனித்தனிச் சமூகங்களாக இருந்தும் சிவு என்ற ஒரே மொழியின் இரு வழக்குகளாகவே எண்ணப்படுகின்றன. வழக்கு எங்கே முடிந்து மொழி எங்கே தொடங்குகிறது என்பதை ஒலி மட்டும் சொல்லிவிடாது.

அக்பாஃபு மக்கள் ஒரு காலத்தில் இரும்புக்குப் பேர் போனவர்கள். மலையைக் குடைந்து கனிமம் எடுத்து, உலையில் உருக்கி, மண்வெட்டி முதல் ஆயுதம் வரை செய்தார்கள். ஐரோப்பிய இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் உலைகள் அணைந்தன. நெல் விளைச்சலும் சாவுச் சடங்குப் பாடல்களும் நிலைத்தன; அப்பாடல்களைப் பற்றி இசையறிஞர் கோஃபி அகாவு 1988இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

இவர்கள் மொழியில் டச்சு ஆய்வாளர் மார்க் டிங்கமான்ஸ தேடிப் போனது வேறொன்றை. 'பிம்பிலீ' என்றால் சிறிய வயிறு. 'பும்புலூ' என்றால் கொழுத்த வயிறு. 'பொம்பொலோ' என்று வாயை அகலத் திறந்து இழுத்தால் உருண்டு பெருத்த மாபெரும் தொந்தி. பல் போன கிழவரின் வாய் அசைவு 'முகுமுகு'. உடம்பில் பரவும் குளிர்ச்சி 'சாஆஆ'. சலசல, கொழகொழ, வெடவெட என்று பேசி வளர்ந்த நமக்கு இதில் மலைப்பு ஒன்றும் இல்லை. இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியர் அன்றே இலக்கணத்தில் சேர்த்துவிட்டார். ஐரோப்பிய மொழிகளில் இவ்வகைச் சொற்கள் மிகக் குறைவு என்பதால் அங்கே படித்தவர்கள் திகைத்தார்கள். எவேயில் நடையைக் குறிக்க மட்டும் எத்தனை எத்தனை என்று டீட்ரிக் வெஸ்டர்மான் தம் இலக்கணத்தில் பட்டியல் போட, பிரெஞ்சுச் சிந்தனையாளர் லூசியென் லெவி-ப்ரூல் 1910இல் அதை எடுத்து, பொதுமைப்படுத்தத் தெரியாத 'கீழ்நிலைச் சமூகங்களின்' மனத்துக்குச் சான்றாக வைத்தார். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது சான்று.

டிங்கமான்ஸ பட்டியலோடு நிற்காமல், ஊரில் இருந்து பேச்சைப் பதிவுசெய்தார். சாவுச் சடங்கில் துப்பாக்கி வெடிப்பது வழக்கம், வெடிமருந்தை அவர்களே தயாரிப்பார்கள். அந்த வேலையின் நடுவே, கரித்தூள் போதிய அளவு நைந்துவிட்டதா, இன்னும் நறநறப்பாக இருக்கிறதா என்று அவர்கள் விவாதிப்பது முழுக்க முழுக்க இத்தகைய சொற்களால். பதம் தவறினால் மருந்து வெடிக்காது. பொருளின் நுண்மையைத் துல்லியமாகக் கைமாற்றும் தொழிற்சொற்கள் அவை.

சிவு, எவே, ஜப்பானியம், கொரியம், மலேசியாவின் செமாய் ஆகிய ஐந்து மொழிகளின் இவ்வகைச் சொற்களை, அவற்றில் எதையும் அறியாத டச்சுக்காரர்களுக்குப் போட்டுக்காட்டிப் பொருளை ஊகிக்கச் சொன்ன சோதனை 2016இல் வெளியானது. குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே ஊகித்தார்கள், ஆனால் கொஞ்சம்தான். ஓசையைக் குறிக்கும் சொற்கள் எளிதாக இருந்தன, மற்றவை கடினம். குரலின் ஏற்ற இறக்கத்தை நீக்கிக் கணினிக் குரலில் கேட்கவைத்தால் ஊகம் மேலும் தளர்ந்தது. ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான ஒட்டு கொஞ்சம் உண்டு. மிச்சத்தை ஊர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சிவு உலகப் புகழ் பெற்றதும் ஒரு சின்ன ஒலியால்தான். எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாதபோது நாம் 'ஆங்?' என்கிறோம் அல்லவா, அதற்கு நிகரானதைப் பத்து மொழிகளில் எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2013இல் வந்தது. சிவு அவற்றுள் ஒன்று. அப்பத்து மொழிகளிலும் அந்த ஒலி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: குட்டையான ஓர் அசை, வாயைப் பெரிதும் சிரமப்படுத்தாத ஓர் உயிர். தும்மல் போல் பிறவியிலேயே வருவதல்ல, அந்தந்த மொழியின் ஒலியமைப்புக்கு ஏற்பச் சற்றே மாறும் சொல் என்பது ஆய்வாளர்களின் வாதம். உரையாடலில் அவசரமாகத் திருத்தம் கேட்கும் தேவை எங்கும் ஒன்று என்பதால் வடிவமும் எங்கும் ஒன்றாய்த் திரண்டிருக்கிறது. அந்த ஆய்வுக்கு 2015இல் இக் நோபல் பரிசு கிடைத்தது.

மலைமொழிகள் எல்லாவற்றின் நிலையும் ஒன்றல்ல. அவதிமேயைக் குழந்தைகள் இன்னும் வீட்டில் கற்கிறார்கள். அனிமேரே என்ற மொழியைப் பேசச் சில பத்து முதியவர்களே எஞ்சியிருக்கிறார்கள். கானா அரசு பள்ளிகளுக்கென்று ஏற்றுக்கொண்ட உள்நாட்டு மொழிகள் 11. இம்மலைகளின் மொழி ஒன்றுகூட அதில் இல்லை. பிள்ளைகள் முதலில் எவேயிலும், பிறகு ஆங்கிலத்திலும் எழுதக் கற்கிறார்கள்.

சாந்த்ரோகோஃபி, அக்பாஃபு, லிக்பே, லோலோபி என்ற நான்கு சமூகங்கள், 2019இல் ஓட்டி என்ற புதிய மாகாணம் பிரிக்கப்பட்டபோது அதற்குள் வந்தன. தொகுதி எல்லை உரிய நேரத்தில் வரையப்படவில்லை. 2020 டிசம்பர் தேர்தலில் அவர்கள் குடியரசுத் தலைவருக்கு மட்டும் வாக்களித்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு வாக்களிக்க முடியவில்லை. நான்கு ஊர்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் செய்தித்தாள்களில் நான்கு ஆண்டுகள் அடிபட்டது. 2024 டிசம்பரில்தான் குவான் என்ற புதிய தொகுதியில் அவர்கள் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு சமூகங்கள், மூன்று மொழிகள்: செலே, சிவு, செக்பெலே. நாடாளுமன்றத்தின் வருகைப் பதிவேட்டில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளிப் பாடத்திட்டத்தில் இன்னும் கிடைக்கவில்லை.